எந்த ஜனாதிபதியின் காலத்தில்

எங்கள் ஆட்களுக்கு வருடங்கள் நினைவில் நிற்பதில்லை. ஜனாதிபதிகள்தான் நிற்கிறார்கள். எப்போது கலியாணம் கட்டினீர்கள், எப்போது வீடு உடைந்தது, எப்போது கொழும்புக்குப் போனீர்கள் என்று கேட்டால், "உவர் வந்த அடுத்த வருஷம்", "அந்தாள் போறதுக்குக் கொஞ்சம் முந்தி" என்றுதான் பதில் வரும். சூரிச்சுக்கு வந்து இத்தனை காலமான பிறகும் நான் அப்படித்தான் கணக்கு வைத்திருந்தேன். அந்தக் கணக்கில் ஒரு பிழை இருந்தது. அதை என் மகள் போன வருடம் கண்டுபிடித்தாள்.

சூரிச்சின் லாங்ஸ்ராஸ வீதிக்குப் பக்கத்துத் தெருவில் ஒரு தமிழ்க் கடை இருக்கிறது. உறைந்த மீன் வைக்கும் பெட்டிகளுக்குப் பின்னால், அரிசி மூட்டைகள் அடுக்கும் இடத்தில், நாலு பிளாஸ்ரிக் கதிரைகள். நான் வேலை செய்வது ஒரு முதியோர் இல்லத்துச் சமையலறையில். சனிக்கிழமைகளில் இரண்டு மணிக்கு வேலை முடிந்ததும் ட்ராம் ஏறி நேரே அங்கே போய்விடுவேன். பிளேன்ரீயும் ரோல்ஸும் இருக்கும். அண்ணையும் இருப்பார்.

அண்ணை என்று நான் சொல்வது என்னைவிட ஏழு வயது மூத்த ஒரு மனிதரை. உறவு இல்லை. இந்த நாட்டுக்கு வந்த புதிதில் அகதிகள் விடுதியில் இருவரும் ஒரே அறையில் இருந்தோம். ஊரில் நான் ரியூசன் கொட்டில் ஒன்றில் கொஞ்சக் காலம் படிப்பித்தவன் என்பதால் என்னை "மாஸ்டர்" என்றுதான் கூப்பிடுவார். அதில் பாதி மரியாதை, பாதி நக்கல்.

"இப்ப ஊரில கியூ இல்லை, காஸ் இருக்கு, பெற்றோல் இருக்கு. ஆர் செய்தது?" என்று தொடங்குவார். "முந்தினவர் செய்து வைச்சிட்டுப் போனது. இப்ப இருக்கிறவர் வந்து கதிரையில குந்தினவர், அவ்வளவுதான்."

"அப்ப அந்தக் கியூவை ஆர் கொண்டுவந்தது?"

"அது அவருக்கும் முந்தினவர்."

"நல்லதெல்லாம் உங்கட ஆள், கெட்டதெல்லாம் மற்ற ஆளோ?"

"நீர் என்னவாம்? இஞ்ச சூரிச்சில பனி கொட்டினாலும் பழையவரைத்தானே ஏசுறீர், மாஸ்டர்."

கடைக்காரர் கல்லாவில் இருந்தபடியே சத்தம் போடுவார். "ஊர் ஜனாதிபதியள் ஏழு தலைமுறைக்கும் பாடம். இந்த நாட்டு ஜனாதிபதி ஆரெண்டு ஒருத்தர் சொல்லுங்கோ பாப்பம்."

ஒருவருக்கும் தெரியாது. இங்கே ஒருவர் மாறி ஒருவர் முறை வைத்து ஒரு வருடம் இருந்துவிட்டுப் போகிறார்கள். "ட்ராம் பிந்தினால் ஏசுறதுக்கு ஒரு ஆள் இல்லாத நாடு. மனிசன் எப்பிடிச் சீவிக்கிறது?" என்பார் அண்ணை. எல்லோரும் சிரிப்போம். நானும் சிரிப்பேன். வாரத்தில் நான் சிரிப்பது அந்த ஒரு மணித்தியாலம்தான் என்று மனைவி சொல்வதுண்டு.

பழையவர் என்று நாங்கள் சொல்வது, நான் படித்துக்கொண்டிருந்த காலத்தில் இருந்த ஒரு ஜனாதிபதியை. ஊரில் எது கெட்டுப்போனாலும், அது அவர் போட்ட விதை என்று என்னால் நிறுவிக் காட்ட முடியும். மின்சார வெட்டு, இளம் ஆட்களின் போதைப் பழக்கம், குளம் தூர்ந்தது, எல்லாம். கடையில் அது ஒரு பகிடியாகிவிட்டது. அந்தப் பகிடிக்குக் கீழே ஒரு காரணம் இருப்பதாக எல்லோருக்கும் தெரியும் என்பதால், ஒருவரும் என்னை அளவுக்கு மிஞ்சிச் சீண்டுவதில்லை. என் தம்பியை இராணுவம் பிடித்துப் போனது பழையவரின் காலத்தில். அப்படித்தான் நான் எல்லோருக்கும் சொல்லி வைத்திருந்தேன்.

அது உண்மை அல்ல.

பழையவருக்குப் பிறகு, சமாதானம் கொண்டுவருவேன் என்று சொல்லி ஒருவர் வந்தார். இங்கே அவரைச் சமாதானக்காரர் என்று எழுதுகிறேன். தம்பிக்கு அப்போது இருபது வயது. வெளிநாடு போவதற்குக் கொழும்பில் ஓர் ஆளைப் பிடித்து, எல்லாம் ஆயத்தமாக இருந்தான். பேப்பர் ஒன்று விடாமல் வாசிப்பவன் நான். வீட்டில் அரசியல் என்றால் என் சொல்தான் முடிவு. "இவர் பழையவர் மாதிரி இல்லை. பேச்சுவார்த்தை தொடங்குது. ஆறு மாசம் பொறு. அங்க போய்க் கோப்பை கழுவுறதுக்கோ இவ்வளவு படிச்சனி?" என்று கேட்டேன். அவன் கொஞ்ச நேரம் சைக்கிள் மணியைத் தட்டிக்கொண்டு நின்றான். பிறகு, "சரி அண்ணா" என்றான்.

பேச்சுவார்த்தை முறிந்தது. சண்டை வந்தது. ஊரோடு இடம்பெயர்ந்து, மாதக்கணக்கில் அலைந்து, திரும்பி வந்தோம். வந்த அந்த வருடம், ஒரு காலை, வேலை விஷயமாகச் சைக்கிளில் போனவனைச் சோதனைச் சாவடியில் மறித்து உள்ளே கூட்டிப்போனார்கள். சைக்கிள் இரண்டு நாள் அந்த வேலியோடு சாத்தியபடி நின்றது. மூன்றாம் நாள் அதுவும் இல்லை. ஐந்து மாதம் கழித்து, அவனுக்காகப் பேசி வைத்திருந்த அதே கொழும்பு ஆள் மூலம் நான் வெளிக்கிட்டேன்.

சமாதானக்காரரை நான் ஒருநாளும் கடையில் ஏசியதில்லை. அவரை ஏசினால், அவரை நம்பச் சொன்னது ஆர் என்ற கேள்வி வரும். பழையவரை ஏசினால் அந்தக் கேள்வி வராது. தம்பி பிடிபட்ட அந்தக் காலையை முந்திய ஜனாதிபதியின் காலத்துக்குத் தள்ளி வைத்தேன். முதலில் அது தெரிந்தே சொன்ன பொய். பத்துப் பதினைந்து வருடத்தில் அது பொய் போலவே இருக்கவில்லை.

என் மகள் இங்கே பிறந்தவள். கிம்னாசியம் என்ற மேல்நிலைப் பள்ளிக்கூடத்தில் கடைசி வருடத்துக்கு முன்னால் எல்லோரும் ஒரு பெரிய ஆய்வு எழுதிக் கொடுத்து, பிறகு அதைச் சபையில் பேசவும் வேண்டும். மற்றப் பிள்ளைகள் தேனீ, பனிப்பாறை என்று எடுத்தார்கள். அவள் எடுத்தது என்னை. நான் எப்படி இங்கே வந்து சேர்ந்தேன் என்பதுதான் அவளுடைய ஆய்வு. சொன்னபோது எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது. அவள் தானாக வந்து என்னுடன் கதைத்து நீண்ட காலம். பிள்ளைக்கு என்ன ஆகுமோ, ஆருடன் பழகுகிறாளோ, பின்னேரம் பிந்தி வந்தால் எந்த ட்ராமில் வருகிறாளோ என்று நான் கேட்டுக் கேட்டே அவளுக்கும் எனக்கும் இடையில் கேள்விகளைத் தவிர வேறொன்றும் இல்லாமல் போயிருந்தது. இப்போது கேள்வி கேட்பவள் அவள். ஒவ்வொரு ஞாயிறும் குசினி மேசையில் போனை வைத்து ஒலிப்பதிவு செய்தாள்.

"சித்தப்பாவைப் பிடிச்சது எந்த வருஷம் அப்பா?"

"பழையவற்ர காலம்."

"அது வருஷம் இல்லை, அப்பா. அது ஒரு ஆள்."

"எங்களுக்கு அப்பிடித்தான் பிள்ளை."

அவள் சிரித்துவிட்டு, அதற்கு ஒரு வழி கண்டுபிடித்தாள். வீட்டுக்குள் இருக்கும் நடைபாதைச் சுவரில் நீளமான வெள்ளைப் பேப்பர் ஒன்றை ஒட்டி, ஒவ்வொரு ஜனாதிபதி இருந்த காலத்துக்கும் ஒரு நிறம் பூசினாள். பழையவர் மண்ணிறம், சமாதானக்காரர் பச்சை. நான் சொல்லச் சொல்லச் சிறு துண்டுகளில் எழுதி நிறத்துக்கு நிறம் ஒட்டினாள். சித்தப்பாவின் துண்டு மண்ணிறத்தில் இருந்தது. குளியலறைக்குப் போகும்போதெல்லாம் அதைக் கடந்து போவேன்.

பிறகு அவள், என் கையெழுத்தை வாங்கி, என்னுடைய அகதி விண்ணப்பக் கோப்பின் பிரதியைக் கேட்டு எழுதினாள். அவள் சொல்லும்வரை, அப்படி ஒன்றைக் கேட்டு எடுக்கலாம் என்றே எனக்குத் தெரியாது. தெரிந்த பிறகு என்ன சொல்லி மறுப்பது? சில வாரங்களில் தடித்த கடித உறை வந்தது. நான் வேலையால் வந்தபோது அவள் அதை வாசித்து முடித்திருந்தாள். விசாரணை அதிகாரி ஜேர்மனில் கேட்டதும், மொழிபெயர்ப்பாளர் மூலம் நான் சொன்னதும், கேள்வி பதிலாகப் பதினாலு பக்கம். இருபத்தைந்து வயதில் நான் தேதியைச் சரியாகத்தான் சொல்லியிருந்தேன். நாள், மாதம், வருடம்.

"அப்பா, இந்தத் தேதியில பழையவர் இல்லை. பச்சைக்குள்ள வருது" என்றாள். குற்றம் பிடிக்கும் குரல் இல்லை. கணக்குப் பாடத்தில் விடை பிழைத்தால் கேட்பதுபோல் கேட்டாள்.

"மொழிபெயர்த்தவன் பிழையாச் சொல்லியிருப்பான்."

"ஒவ்வொரு பக்கத்திலயும் உங்கட கையெழுத்து இருக்கு. தமிழில திருப்பி வாசிச்சுக் காட்டினவை எண்டும் கிடக்கு."

"களைப்பில வைச்சிருப்பன்."

அவள் இன்னொரு பக்கத்தைத் திருப்பினாள். உங்கள் சகோதரர் ஏன் முன்னரே நாட்டை விட்டு வெளியேறவில்லை என்று அதிகாரி கேட்டிருக்கிறார். குடும்பத்தில் வேண்டாம் என்றார்கள் என்று நான் பதில் சொல்லியிருக்கிறேன்.

"குடும்பத்தில ஆர் வேண்டாமெண்டது?"

எனக்கு இன்றைக்கும் அந்த இடம் அப்படியே நினைவிருக்கிறது. மேசையில் கோப்பு விரிந்து கிடக்கிறது. அவளுடைய போன் சிவப்புப் புள்ளியோடு ஒலிப்பதிவு செய்துகொண்டிருக்கிறது. யோசிக்க இரண்டு நொடி இருந்தது.

"அப்பம்மா" என்றேன்.

என் அம்மா இறந்து எட்டு வருடம். தம்பியைப் போகவிடுங்கோ, பிள்ளை எங்கையாவது உயிரோட இருக்கட்டும் என்று கெஞ்சியவள் அவள். நான்தான் அவளை அதட்டினேன். ஜனாதிபதிகளின் மேல் பழியைப் போட்டுப் போட்டுப் பழகிய கை, பக்கத்தில் இருந்த அடுத்த ஆளின் மேல் போட்டது.

மகள் அதை எழுதிக்கொண்டாள். "சரி. தேதிக்கு நான் ரெண்டையும் போடுறன். பத்திரம் இப்பிடிச் சொல்லுது, அப்பா இப்பிடிச் சொல்லுறார் எண்டு" என்று சொல்லிவிட்டுப் போனை நிறுத்தினாள். அப்பா சொல்கிறார். அதுவரை நான் சொன்னால் அது நடந்தது என்றுதான் அர்த்தம். அடுத்த ஞாயிறு அவள் போனை எடுத்துக்கொண்டு குசினிக்கு வரவில்லை. அதற்கடுத்த ஞாயிறும் வரவில்லை. காதில் பாட்டுக் கேட்கும் கருவியை மாட்டிக்கொண்டு சாப்பிட்டாள். மனைவி வார இறுதியிலும் அலுவலகக் கட்டடங்களைச் சுத்தம் செய்யப் போவாள். நான் மகளுக்கு முன்னால் இருந்தும் தனியாகச் சாப்பிட்டேன்.

அதற்கடுத்த சனிக்கிழமை கடைக்குப் போனேன். எனக்கு ஒரு சாட்சி தேவைப்பட்டது என்று நினைக்கிறேன். அண்ணையிடம், மகள் ஆய்வு எழுதுவதையும் கோப்பு வந்ததையும் சொன்னேன். அதில் தேதி மாறிக் கிடக்கிறது, எழுதினவர்கள் பிழை விட்டுவிட்டார்கள் என்றேன். பிறகு வழக்கம்போல், "அவன் பிடிபட்டது பழையவற்ர காலம். உங்களுக்கே தெரியும்தானே" என்றேன்.

வழக்கமாக அந்த இடத்தில் அவர் பாய்வார். பழையவர் செய்த நல்லது நாலை எடுத்து விடுவார். அன்றைக்கு அவர் என் முகத்தைப் பார்க்காமல், ரோல்ஸ் தட்டை என் பக்கம் தள்ளினார்.

"ஓம் மாஸ்டர். பழையவற்ர காலம்தான்" என்றார். "எல்லாத்துக்கும் காரணம் அவர்தான். நீர் சொல்லுறது சரி."

விடுதியின் அந்த முதல் மாதங்களில், அடுத்தடுத்த கட்டில்களில் படுத்திருந்து, நான் அவருக்கு எல்லாம் சொல்லியிருக்க வேண்டும். சொன்னது எனக்கு நினைவில்லை. அவருக்கு நினைவிருந்தது. இத்தனை வருடமும் தெரிந்துகொண்டேதான் என்னோடு மல்லுக்கட்டியிருக்கிறார். அவர் எதிர்த்து நின்ற வரைக்கும் நான் சாய்ந்து நிற்க ஒரு சுவர் இருந்தது. அவர் விட்டுக்கொடுத்ததும் அதுவும் இல்லாமல் போயிற்று. ரீயைக் குடித்து முடிக்காமல் எழும்பி வந்தேன்.

ஆய்வை ஒப்படைக்கப் பத்து நாள் இருந்தது. மகளின் மேசையில் அச்சடித்த பக்கங்கள் கிடந்தன. ஜேர்மனில்தான், ஆனால் அந்த வரி எனக்கு விளங்கியது. தம்பி போவதை அவனுடைய தாய் தடுத்தார் என்று எழுதியிருந்தாள். அடிக்குறிப்பில், தந்தையுடனான உரையாடல் என்று இருந்தது. அது அப்படியே அச்சாகி, பள்ளிக்கூட நூலகத்தில் இருக்கும்.

எங்கள் கட்டடத்தில் உடுப்புத் தோய்க்கும் அறை நிலத்துக்குக் கீழே. எங்கள் வீட்டின் முறை இரண்டு வாரத்துக்கு ஒரு புதன்கிழமை. அந்தப் புதன் பின்னேரம் படுக்கை விரிப்புகளை மடிக்க அவளைக் கீழே கூப்பிட்டேன். விரிப்பின் ஒரு பக்கத்தை அவள் பிடித்துக்கொண்டாள், மறுபக்கத்தை நான்.

"அப்பம்மா இல்லை. நான்தான் போகவேண்டாமெண்டது" என்றேன்.

அவள் ஒரு காதில் இருந்த கருவியைக் கழற்றினாள். "என்ன?"

இரண்டாம் தரம் சொல்வது முதல் தரத்தைவிடக் கடினமாக இருந்தது. சமாதானக்காரர் வந்தது, நான் பேப்பர் வாசித்தது, ஆறு மாதம் பொறு என்றது, அம்மாவை அதட்டியது, பிறகு அவனுடைய ஆள் மூலம் நான் வந்தது, எல்லாவற்றையும் ஒழுங்கில்லாமல் சொன்னேன். விரிப்பு எங்கள் இருவருக்கும் நடுவில் தொங்கிக்கொண்டிருந்தது. உலர்த்தும் இயந்திரம் ஓடிக்கொண்டிருந்ததால் கொஞ்சம் உரக்கச் சொல்லவேண்டியும் இருந்தது.

"அதுக்குச் சித்தப்பா என்ன சொன்னவர்?"

"சரி அண்ணா எண்டவன்."

"அவ்வளவுதானோ?"

"அவ்வளவுதான்."

உங்களில் பிழையில்லை அப்பா என்று அவள் சொல்வாள் என்று நான் எதிர்பார்த்தேன். அதை இங்கே மறைக்க விரும்பவில்லை. அந்த ஒரு வசனத்துக்காகத்தான் சொன்னேனோ என்றும் இப்போது தோன்றுகிறது. அவள் அதைச் சொல்லவில்லை. என் பக்கம் நடந்து வந்து, தன் கையில் இருந்த மூலைகளை என் கையில் தந்து, மடிப்பின் கீழ்ப்பக்கத்தைக் குனிந்து எடுத்தாள்.

"அம்மாவுக்குத் தெரியுமோ?"

"இல்லை."

"நான் எழுதினா தெரியவரும். எழுதவோ, விடவோ?"

"எழுது."

"அப்ப அதுக்கு முதல் நீங்கள் அம்மாவிட்டச் சொல்லுங்கோ. நான் சொல்லமாட்டன்."

நான் சொல்லவில்லை. ஒவ்வொரு நாளும் சொல்லப் போனேன். மனைவி களைத்து வந்தாள், அல்லது தொலைபேசியில் கதைத்துக்கொண்டிருந்தாள், அல்லது சிரித்துக்கொண்டிருந்தாள். எனக்கு எப்போதும் ஒரு காரணம் கிடைத்தது.

ஆய்வைப் பேசும் நாள் வந்தது. வகுப்பறையில் இருபது பேர் இருந்திருப்பார்கள். மனைவி வேலையிடத்திலிருந்து நேரே வந்து, மூச்சு வாங்கியபடி என் பக்கத்தில் இருந்தாள். மேல்சட்டைக்குள் வேலை உடுப்பு. மகள் அந்த நிறம் பூசிய பேப்பரைத் திரையில் காட்டிப் பேசினாள். எங்கள் ஊர் ஆட்கள் வருடங்களுக்குப் பதில் ஜனாதிபதிகளைச் சொல்வார்கள் என்றபோது எல்லோரும் சிரித்தார்கள், மனைவியும் சிரித்தாள். பிறகு, சித்தப்பாவின் துண்டு மண்ணிறத்திலிருந்து பச்சைக்கு நகர்ந்ததை விளக்கினாள். தந்தை அவரைப் போகவேண்டாம் என்று தடுத்தார், இதைத் தந்தை பல வருடம் ஒருவருக்கும் சொல்லவில்லை என்று நிதானமாகச் சொன்னாள். மனைவிக்கு ஜேர்மன் நன்றாக விளங்கும். அவள் என் பக்கம் திரும்பவில்லை. மடியில் இருந்த கைப்பையின் பூட்டைத் திறந்து, மூடினாள்.

கடைசியில் ஆசிரியர் ஒருவர் கேட்டார், அப்படியென்றால் உன் சித்தப்பாவுக்கு நடந்ததற்கு எந்த ஜனாதிபதி பொறுப்பு என்று நீ நினைக்கிறாய் என்று. மகள் யோசித்தாள். நான் கதிரையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டிருந்தேன்.

"அவரைக் கூட்டிப்போனது சாவடியில் நின்ற இராணுவத்தினர். எனக்குக் கிடைத்த பத்திரத்தில் அது மட்டும்தான் இருக்கிறது" என்றாள். "மற்றதை நான் எழுதவில்லை."

ட்ராமில் மகளும் மனைவியும் பக்கத்துப் பக்கத்து இருக்கையில் இருந்தார்கள். எனக்கு இடம் இருந்தது, நான் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். வீட்டுக்கு வந்து சப்பாத்தைக் கழற்றிய பிறகுதான் மனைவி வாய் திறந்தாள்.

"இருபது வருஷமா உங்களோட இருக்கிறன். என்னட்டச் சொல்ல ஏலாமப் போச்சோ?"

பதிலுக்குக் காத்திருக்காமல் குசினிக்குப் போனாள். சில நாட்களுக்கு, சாப்பாடு, சம்பளச் சீட்டு, கழுவ வேண்டிய யன்னல் என்று அளந்து கதைத்தாள். பிறகு ஒரு காலை, ஆய்வின் பிரதியை மேசையில் விரித்து வைத்துக்கொண்டு, தமிழ்க் கலண்டரைப் புரட்டிக்கொண்டிருந்தாள்.

காணாமல் போனவனுக்கு எங்கள் வீட்டில் திவசம் செய்ததில்லை. செத்தான் என்று எப்படிச் சொல்வது என்று ஊரில் அம்மாவும் கடைசிவரை செய்யவில்லை. செய்யாமல் இருந்ததற்கு எனக்கு வேறொரு காரணமும் இருந்தது. செய்வதென்றால் தேதி வேண்டும்.

"செத்தவனெண்டு வைச்சுப் படைக்க ஏலாது" என்றாள் மனைவி, என்னைப் பார்க்காமல். "ஆனா அவனைக் கூட்டிக்கொண்டு போன நாளில இனி இந்த வீட்டில மச்சம் மாமிசம் இல்லை. அவ்வளவாவது செய்வம்."

போன மாதம் அந்த நாள் வந்தது. வீட்டில் மனைவி மரக்கறி சமைத்தாள், மகள் பள்ளிக்கூடத்தில் பாணும் சீஸும் மட்டும் சாப்பிட்டதாகச் செய்தி அனுப்பினாள். நான் அன்றைக்கு வேலையில். முதியோர் இல்லத்தில் அன்றைய சாப்பாடு மாட்டிறைச்சிக் குழம்பு. நூறு பேருக்கு அதைக் கிண்டி, கோப்பைகளில் போட்டு அனுப்பினேன். இடைவேளையில் மற்றவர்கள் தங்கள் தட்டோடு சாப்பாட்டு மேசைக்குப் போனார்கள். ஏன் நீ எடுக்கவில்லை என்று தலைமைச் சமையல்காரர் கேட்டார். என் தம்பியின் நாள் என்றேன். பிறந்தநாளா என்று கேட்டார். இல்லை என்றேன். அவர் தலையை ஆட்டிவிட்டுப் போனார். இரண்டு அவித்த உருளைக்கிழங்கை எடுத்துக்கொண்டு, பின்கதவுப் படியில் இருந்து சாப்பிட்டேன். அந்தத் தேதியை, நாள் மாதம் வருடத்தோடு, வாய்க்குள் ஒருமுறை சொல்லிப் பார்த்தேன்.